கேப்டனும் மல்லியும் ஒரே தண்ணீரில்

கப்பல்களை அழைத்து அலைகளை அடக்கி நிறுத்தும் இந்தத் துறைமுக நகரில், மின்விசிறிக்குக் கீழே இடம் கிடைக்காவிட்டாலும் எழுந்து போகாமல் அமர்ந்திருக்கும் அன்பு நெஞ்சங்களே! நம் வீட்டு மீன்தொட்டி அன்பர் கழகத்தின் முதலாம் ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்கும் பாண்டித்துரை அண்ணாச்சி அவர்களே! முன்வரிசைப் பெரியோர்களே! பிள்ளையை மடியிலும் பார்வையை மேடையிலும் வைத்திருக்கும் தாய்மார்களே! மிக்சர் பொட்டலம் எப்போது வரும் என்று வாசலைப் பார்த்திருக்கும் தம்பி தங்கைகளே! உங்கள் எல்லாருக்கும் ஈவாஞ்சலினின் பணிவான வணக்கம்.

பின்னாலிருந்து ஓர் அக்கா, 'சத்தமா பேசுளா, ஒண்ணும் கேக்கல' என்கிறார். பேசுகிறேன், அக்கா. ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். வகுப்பில் 'உள்ளேன் ஐயா' சொன்னதுதான் இதற்கு முன் நான் பேசிய பெரிய பேச்சு. ஆனால் கழகம் எனக்குக் கொடுத்த தலைப்பு 'ஒத்துப்போகாத மீன்கள்'. அந்தத் தலைப்பு எங்கள் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிக்குள் நீந்தியது. கண்ணாடிக்கு வெளியேயும் நடந்தது!

என் அண்ணன் கிங்ஸ்டன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். தை மாதம் அவருக்குத் திருமணம். மணமகள், மணப்பாட்டு ரீனா மதினி. சீராகக் கட்டில் வந்தது, பீரோ வந்தது, பாத்திரம் வந்தது. எல்லாவற்றுக்கும் பின்னால், மூடி போட்ட வாளி ஒன்றை மடியில் அணைத்தபடி மதினி வந்தார். வாளிக்குள்ளே மல்லி! பட்டுப் பாவாடை விரித்தது போல வால் விரிந்த தங்கமீன்.

'இந்தக் கடக்கரையில மீனு கிடைக்காதுன்னு சீரோட மீனும் கொண்டாந்திருக்கா' என்று என் அம்மா மெட்டில்டா சொன்னார். வாசலில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். மதினியும் சிரித்தார். கழகத் தோழர்களே, அவ்வளவு இனிமையாகத்தான் தொடங்கியது.

அண்ணனுக்கு மனம் கேட்கவில்லை. 'பாவம், ஒத்தையில கிடக்கு' என்று மல்லிக்குத் துணையாக நீலநிற சிக்லிட் மீன் ஒன்றை வாங்கி வந்தார். நீலச் சட்டை, கறுப்பு வரி, கம்பீர நடை. கேப்டன் என்று பெயரும் வைத்தார். அழகைப் பார்த்தார் அண்ணன், குணத்தை விசாரித்தாரா? நிறத்தைப் பார்த்தார், அது வாழும் முறையை விசாரித்தாரா? மல்லியின் இனம் அசைந்து அசைந்து ஊர்வலம் போகும் இனம். கேப்டனின் இனமோ பாறை இடுக்கில் எல்லை பிடித்து, எட்டிப் பார்த்தவனையெல்லாம் முட்டித் தள்ளும் இனம். அந்த இரண்டுக்கும் ஒரே தொட்டி, ஒரே கல், ஒரே தீனி!

கேப்டன் முதலில் முறைத்தான். பிறகு விரட்டினான். பிறகு கடித்தான். திருவிழா முடிந்த தெருத் தோரணம் போலக் கிழிந்து தொங்கியது மல்லியின் வால். பாவம், வடிகட்டிக்குப் பின்னால் ஒளிந்தது அது.

'ஏங்க, உங்க மீனு ரவுடித்தனம் பண்ணுது, பாருங்க' என்றார் மதினி.

'என் மீனா? உனக்குன்னு ஆசையா வாங்கியாந்தா, அது என் மீனா?'

'கடிச்சா உங்க மீனு. சும்மா கெடந்தா நம்ம மீனு.'

கை தட்டுகிற தாய்மார்களே, தட்டுங்கள். ஆனால் அன்று எங்கள் வீட்டில் யாரும் கை தட்டவில்லை. மீன் சண்டை மெல்ல மெல்ல மனுசர் சண்டையானது. சாப்பாட்டுத் தட்டு வைக்கும் சத்தம் கூடியது. பேச்சுச் சத்தம் குறைந்தது.

வைத்தியம் பார்க்காமல் இருந்தோமா? அண்ணன் தீனியைக் கூட்டினார். கேப்டன் அதையும் தின்று இன்னும் பலசாலியானான். அம்மா தொட்டிக்கு மேலே மாதா படத்தை மாட்டினார்; கேப்டன் படத்துக்குக் கீழேயே பயமில்லாமல் கடித்தான். நான் கல்லையும் செடியையும் இடம் மாற்றி வைத்தேன். பிடித்த எல்லை கலைந்துபோனால், புது இடம் தேடும் மும்முரத்தில் சண்டை மறந்துபோகும் என்று மீன் வளர்ப்பவர்கள் செய்கிற வேலை அது. மறக்கத்தான் செய்தான். புது எல்லையைப் பிடிக்கும் வரைக்கும்!

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மதினி வாளியைக் கழுவி வெயிலில் வைத்தார். மல்லியை மணப்பாட்டுக்குக் கொண்டுபோகப் போகிறாராம். வாசற்படியில் நின்ற அம்மாவின் முகம் வாடிவிட்டது.

'மீனைக் கொண்டு விட்டுட்டு வாரியா, இல்ல மீனோட நீயும் அங்கனயே இருந்துருவியா?'

மதினி குனிந்து வாளியைத் திருப்பி வைத்தார். அண்ணன் தொட்டியையே பார்த்திருந்தார். கல்யாண மாலையின் நார் இன்னும் காயாத வீட்டில் இப்படி ஒரு கேள்வி!

அப்போதுதான் களத்தில் இறங்கினார் என் தந்தை ரோச். 'கடலையே வலை போட்டுப் பிரிச்சவன் நான். இந்தக் கண்ணாடிப் பெட்டி எம்மாத்திரம்? ஏளா, அந்தப் பழைய வலையில ஒரு துண்டு எடு' என்றார். கண்ணுக்கே தெரியாத நைலான் வலை. தொட்டியின் நடுவில் இழுத்துக் கட்டினார். கேப்டன் இந்தப் பக்கம், மல்லி அந்தப் பக்கம்.

அதற்குள் சிரிக்கிறீர்களே! இப்போது சிரிக்கிறவர்கள் எல்லாரும் கடல் தொழில் வீட்டார் என்று தெரிந்துவிட்டது. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் இருப்பது மீனைத் தடுக்க முடைந்த வலை அல்ல. மீன் தலையை நுழைத்ததும் செவுளில் மாட்டிப் பிடிக்க முடைந்த வலை!

தடுப்புப் போட்டும் மல்லி பயத்தில் தீனியைத் தொடவில்லை. 'போதும் மாமா, நான் கொண்டுபோறேன்' என்று மதினி மல்லியைப் பிடிக்கக் கையை விட்டார். தண்ணீர் கலங்கியது. கண்டான் கேப்டன். பாய்ந்தான் கேப்டன். வலைக்கண்ணில் தலையைக் கொடுத்தான் கேப்டன். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை.

யார் முதலில் அலறியது தெரியுமா? மல்லியின் வால் கிழிந்ததற்கு மனம் கிழிந்த அதே ரீனா மதினி! 'மாமா, அவனை அப்படியே விட்டுறாதீங்க! செத்துருவான் மாமா!'

துடிக்கும் கேப்டனைத் தண்ணீருக்குள்ளேயே இரு கையாலும் பிடித்துக்கொண்டார் மதினி. அப்பா கத்திரியை விட்டு, நூல் நூலாக வலையை வெட்டினார். எத்தனை புயலில் நிதானமாக இருந்த கை அது! ஒரு விரல் நீள மீனுக்காக அன்று ஒவ்வொரு நூலையும் தேடித் தேடி வெட்டியது. கடைசி நூல் அறுந்ததும் கேப்டன் கல்லுக்குள் ஓடி ஒளிந்தான். அப்பா நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: 'காலமெல்லாம் மீனை வலையில மாட்டவச்சவன், இன்னைக்கு மீனுக்காக வலைய அறுத்திருக்கேன். வெளிய யார்ட்டயும் சொல்லிராதீங்க.'

முன்வரிசையில் தலையைக் குனிந்துகொள்கிறார் பாருங்கள். மன்னித்துவிடுங்கள் அப்பா, மைக் என் கையில் இருக்கிறது.

அண்ணன் மதினியையே பார்த்தபடி நின்றார். 'உன் மல்லியைக் கடிச்சவனுக்காடி அழுவுற?'

'கடிச்சான்னா சாகணுமா? ஒதுங்க அவனுக்கும் இடமில்ல, ஓட இவளுக்கும் இடமில்ல. அவ்வளவுதாங்க.'

கேளுங்கள், பெரியோர்களே! கடலில் வலியவனும் உண்டு, எளியவனும் உண்டு. அங்கே தோற்றவன் ஓடலாம், பாறைக்குப் பின்னால் மறையலாம், பார்வையிலிருந்து விலகலாம். நம் தொட்டியில் எங்கே ஓடும்? எங்கே மறையும்? சுவர் கட்டியவர் நாம், சோடி சேர்த்தவர் நாம். பிறகு கடித்த மீனை மட்டும் ரவுடி என்று பழிக்கலாமா? நீளமாக வால் வளர்ப்பதை வால் கடிப்பதோடு சேர்க்காதீர்கள்! வாய்க்குள் போகிற அளவு மீனை அந்த வாயின் பக்கத்தில் விடாதீர்கள்! ஒளிய இடம் வையுங்கள்! கல்லை மாற்றிப் பாருங்கள். தீனியை இரண்டு மூலையில் போடுங்கள்! அப்படியும் அடங்கவில்லையா? அன்பாக, மரியாதையாக, வேறு தொட்டி கொடுங்கள்!

'வீட்டுல எடம் வேணுமேளா' என்கிறார் அந்த மாமா. சரியான கேள்வி, மாமா. எங்கள் வீட்டிலும் இடமில்லை. கூடத்தில் இருந்தது அம்மாவின் ஷோகேஸ். அதிலிருக்கும் கண்ணாடி டம்ளரில் நாங்கள் யாரும் ஒரு வாய் தண்ணீர் குடித்தது கிடையாது. தூசி தட்டக்கூட எங்களை விடமாட்டார். அன்று அந்த அம்மாதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: 'ஏலே கிங்ஸ்டன், என்ன வேடிக்கை பாக்க? இந்த ஷோகேஸைப் பிடிச்சு உள்ள நவுத்து. அவன் தொட்டி இங்கன இருக்கட்டும்.'

நவுத்தினார் அண்ணன். அவரும் மதினியும் சேர்ந்து தூக்கினார்கள். புதுத் தொட்டியும் வந்தது, அதில் கேப்டனுக்கு நிறையக் கல்லும் வந்தது. மல்லியின் வால் ஓரத்தில் இப்போது வெள்ளை வெளேரென்று புதுத்தோல் வளர்கிறது.

சென்ற வாரம் மணப்பாட்டிலிருந்து மதினியின் அத்தை வந்திருந்தார். 'என்னளா, ரெண்டும் ஒண்ணா சேந்துருச்சா?' என்று கேட்டார். மதினி கேப்டனுக்குத் தீனி போட்டுக்கொண்டே, 'சேரல அத்தே. அதான் ரெண்டும் நல்லா இருக்கு' என்றார்.

பேசத் தெரியாதவளுக்குப் பேச இடம் கொடுத்த தலைவர் அண்ணாச்சிக்கும், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தும் சிரிக்கக்கூடாத இடத்திலும் சிரித்தும் என் பயத்தைப் போக்கிய உங்களுக்கும் என் நன்றி. உங்கள் வீட்டுத் தண்ணீர் தெளிந்திருக்கட்டும், உங்கள் மீன்கள் வாலோடு வாழட்டும். வணக்கம்!