எதிர்த்துப் பேசாத ரோபோ

வில்லாபுரத்தில் பஸ் கிளம்பியதுமே, முன் சீட்டிலிருந்த ஓர் அம்மா பக்கத்திலிருந்த புருஷனிடம் கேட்டார்: “முதல் அத்தியாயத்துலயே என்னைய எதுக்குக் கொன்னீங்க?”

“உன்னையவா? அது விஞ்ஞானியோட பொண்டாட்டி. வெறும் கதை.”

“அம்புட்டுப் பெரிய மேதை, ரோபோவுக்கு உசிரே குடுக்குறாரு. அது கண்ணு முழிச்சதும் என்ன செய்யுது? அவருக்குக் காபி போடுது. வேட்டி துவைக்குது.”

“வாசகர்களுக்குப் பிடிச்சிருக்குல்ல?”

“எதுத்தே பேசாதுன்னு ரெண்டு பக்கம் வர்ணனை வேற. நீங்க கிறுக்கித் தர்றத வாராவாரம் போன்ல டைப் அடிக்கிறது எந்த ரோபோ?”

“கத்தாத. எல்லாரும் பாக்குறாங்க.”

“பாக்கட்டும்.”

தெற்குவாசல் பாலத்தில் பஸ் நின்றுவிட்டது. புருஷன் மெதுவாகக் கேட்டார்: “கடைசி அத்தியாயத்த இன்னைக்குப் பத்திரிகைக்கு அனுப்பணும். டைப் அடிச்சிட்டியா?”

“காலையிலயே அனுப்பியாச்சு. நீங்க எழுதுனத இல்ல, நான் எழுதுனத. ரோபோ வீட்ட விட்டுப் போயிருச்சு. உங்க மேதை அடுப்படியில நின்னு காபித்தூள் டப்பாவத் தேடிக்கிட்டே இருக்காரு. அதோட முற்றும் போட்டுட்டேன்.”