மீரான் சொன்ன முடிவு

வீடியோ டேப்பைப் படுக்கப் போட்டு வைக்கக் கூடாது, வாசு. புத்தகம் மாதிரி நிற்க வைக்க வேண்டும். பினாங்கு ஈரத்துக்கு ஆறே மாதத்தில் பூஞ்சை பிடித்துவிடும் என்பதால் நான் முக்கியமான டேப்புகளை அரிசி டின்னுக்குள் வைப்பது வழக்கம். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பதினொரு வருடமாக அப்படி வைத்திருந்த ஒரு டேப்பைப் போன வாரம் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். படம் பளிச்சென்று இருந்தது.

நேற்று நீ போனில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். "அண்ணே, எண்பத்தாறுல நீங்க சொன்ன முடிவு வேற, இப்ப டிவியில வந்த முடிவு வேற. எப்படிண்ணே?" என்று கேட்டாய். நியாயமான கேள்வி. வாயால் சொன்னால் மழுப்பிவிடுவேன். முப்பத்திரண்டு வருடம் கப்பல் கம்பெனியில் கிளார்க்காக இருந்தவன் நான், எழுதினால் வரிசை தவறாது. உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். இதை நீ வேறு யாருக்காவது காட்ட வேண்டியிருக்கலாம்.

'கேரவல்' தொடரை நம்மூர் டிவியில் மூன்று வருடம் காட்டிவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்தினார்கள். நாலாவது வருடத்துக் கதையை லண்டனில் இருக்கும் என் தங்கை செல்வநாயகி டேப்பில் பிடித்து அனுப்பினாள். அதனால்தான் நம் ரசிகர் வட்டத்துக்கு நான் தலைவரானேன். சனிக்கிழமை மூன்று மணிக்கு, லெபோ சூலியா தெருவில் நாகூர் மீரானின் தேநீர்க் கடை மாடியில், பதினாலு பேர் கூடுவோம். உங்களில் பாதிப் பேருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. ஒவ்வொரு காட்சி முடிந்ததும் டேப்பை நிறுத்தி, அதில் என்ன பேசினார்கள் என்று நான் தமிழில் சொல்ல வேண்டும். அதற்காக டேப் வந்ததும் முதலில் வீட்டில் தனியாகப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொள்வேன். அப்புறம்தான் மாடிக்குக் கொண்டுவருவேன். தலைவர் பார்க்காமல் யாரும் பார்ப்பதில்லை என்பது நம் வட்டத்தின் எழுதாத சட்டம். அதை நீங்கள் யாரும் கேள்வி கேட்டதில்லை, எனக்கும் அது பிடித்திருந்தது.

கதை உனக்கு நினைவிருக்கும். பூமியை விட்டுக் கிளம்பிய கேரவல் என்ற கப்பல். உள்ளே இருநூறு பேர். வாரம் ஒருமுறை பூமியிலிருந்து செய்தி வரும், உங்களை மறக்கவில்லை, தைரியமாக இருங்கள் என்று. கேப்டன் வார்டன் அதை ரேடியோ அறையில் தனியாக வாங்கி, எல்லோருக்கும் ஒலிபரப்புவார். கப்பல் கடைசியில் பூமிக்குத் திரும்பும் என்று நான் நாலு வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்கு ஆதாரமாகப் பன்னிரண்டு பக்கக் கட்டுரையும் எழுதினேன்.

மீரான் ஒருவர்தான் ஒத்துக்கொள்ளவில்லை. பூமியே இல்லை, செய்தியெல்லாம் கேப்டன் தானே பேசி அனுப்புவது என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"அண்ணே, சேதி வரும்போதெல்லாம் அந்தாளு கையில தேத்தண்ணி இருக்கு. ஒரு தடவையாச்சும் கோப்பைய கீழ வச்சாரா? புதுசா ஒண்ணு காதுல விழுந்தா மனுசன் கோப்பைய வச்சிருவான்ண்ணே. இருபத்தஞ்சு வருசமா கடையில பாக்குறேன்லா. முன்னாடியே தெரிஞ்ச சேதிக்குத்தான் குடிச்சிக்கிட்டே இருப்பான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்கு நீ சிரிக்கவில்லை, யோசித்தாய். அதை நான் பார்த்துவிட்டேன். அந்த மாதம் நம் வட்டத்துச் செய்தித்தாளில் "தேத்தண்ணி ஆற்றுபவர் விண்வெளியை அளக்கிறார்" என்று தலைப்பிட்டு எழுதினேன். மீரான் சொல்வது நடந்தால் தலைவர் நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டு நான் பெஞ்சில் உட்காருகிறேன் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மீரான் கோபப்படவில்லை. அந்தத் தாளை வெட்டிக் கல்லாப்பெட்டிக்கு மேலே ஒட்டி வைத்து, வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார். தன் பெயர் அச்சில் வந்ததே அவருக்குப் பெருமை. இதை எழுதும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

கடைசி டேப் 1986 மார்ச் நாலாம் தேதி வந்தது. அன்றே பார்த்தேன். மீரான் சொன்னதுதான் முடிவு. கேப்டன் ரேடியோ அறையில் உட்கார்ந்து, குரலை மாற்றிக்கொண்டு, பூமி பேசுவதுபோல மைக்கில் பேசுகிறார். வெளியே கூடத்தில் இருநூறு பேரும் அண்ணாந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கையில் கோப்பை. அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

நல்ல முடிவு. அதை அன்றைக்கே உணர்ந்தேன், அதனால்தான் தாங்க முடியவில்லை. சீனியர் கேம்பிரிட்ஜ் படித்த நான் நாலு வருடமாகப் பார்த்தும் பிடிபடாதது, மூன்றாம் வகுப்போடு நின்றவருக்குப் பிடிபட்டிருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்து, அவர் நாற்காலியில் இருப்பதை அண்ணாந்து பார்ப்பதாக நினைத்துக்கொண்டேன். டேப்பை அரிசி டின்னுக்குள் ஆழமாகப் புதைத்தேன். சனிக்கிழமை வந்ததும், தபாலில் தாமதம் என்று உங்களிடம் சொன்னேன்.

கொஞ்ச நாள் போகட்டும், சூடு ஆறட்டும் என்றுதான் நினைத்தேன். வேறு எண்ணம் ஒன்றும் அப்போது இல்லை.

மீரானுக்கு நெஞ்சு வலி வந்து, இங்கே டெஸ்ட் எடுத்து, அதைக் கோலாலம்பூருக்கு அனுப்பியிருந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். மார்ச் பதினெட்டு அங்கே ஆப்பரேஷன் என்று தேதி கொடுத்திருந்ததும் தெரியும். அவர் அந்தத் தேதியில் போகாததற்குப் பயம்தான் காரணம் என்று நீங்கள் பேசிக்கொண்டீர்கள். நானும் தலையாட்டினேன். அவர் பயப்படவில்லை, வாசு.

மார்ச் பத்தாம் தேதி பின்னேரம் அவர் என் வீட்டுக்கு வந்தார். "அண்ணே, கத்திக்கு அடியில படுத்தா எந்திரிப்பேனோ மாட்டேனோ. முடிவ மட்டும் பாத்துட்டுப் போயிர்றேன். டேப்பு எப்பண்ணே வரும்?" என்றார்.

"அடுத்த வாரம் வந்துடும்," என்றேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். கோலாலம்பூர் டாக்டர் ஆங்கிலத்தில் அனுப்பியிருந்தார். மீரான் டிவி பார்த்து ஆங்கிலம் பேசப் பழகியவர், எழுத்து வராது. எந்தக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார். "கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்கண்ணே. ரெண்டு மூணு வாரம் தள்ளிப் போட்டா பரவால்லையான்னு பாருங்க."

படித்தேன். மூன்று குழாயும் அடைத்திருக்கிறது, குறித்த நாளைத் தள்ளிப்போடுவது உயிருக்கு ஆபத்து என்று இருந்தது. மூன்றே வரி. எந்தச் சொல்லுக்கும் அகராதி தேவைப்படவில்லை.

"முடிஞ்சவரைக்கும் சீக்கிரம் செஞ்சுக்கிட்டா நல்லதுன்னு போட்டிருக்காரு. அவசரம்னு ஒண்ணும் இல்ல," என்று சொன்னேன்.

இதை ஏன் செய்தேன் என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். போய் ஆப்பரேஷன் செய்துகொண்டு வாருங்கள், உங்களுக்காக டேப்பைப் போடாமல் வைத்திருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் சந்தோஷமாகப் போயிருப்பார். குணமாகித் திரும்பியும் வந்திருப்பார், வந்தால் டேப்பைக் கேட்பார். அந்தக் கணக்கு ஒரு நொடியில் எனக்குள் ஓடியது. ஓடவில்லை என்று இப்போது சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் கோலாலம்பூருக்குப் போன் போட்டு, அவருக்கு வசதிப்படவில்லை என்று சொல்லித் தேதியை ஏப்ரல் இருபத்திரண்டுக்கு மாற்றியதும் நான்தான். எதிர்முனையில் ஒரு பெண், நோயாளிக்கு ஆபத்து தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றேன். போனை வைத்ததும் மீரான் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லன்னா நான் என்ன செய்வேன்ண்ணே," என்றார்.

அடுத்த நாலு சனிக்கிழமையும் அவர் மாடியை முன்கூட்டியே கூட்டி, பெஞ்சுகளைத் துடைத்து வைத்திருந்தார். நாலு தடவையும் வரவில்லை என்று சொன்னேன். இதற்கிடையில் என் மனைவி தவமணி அரிசி அள்ளும்போது டேப்பைக் கண்டுவிட்டாள். "டேப் வந்து ஒரு மாசம் ஆச்சு. ஏனப்பா அந்த மனிசனை அலைக்கழிக்கிறியள்?" என்றாள். கடிதத்தைப் பற்றி அவளுக்குத் தெரியாது. அவள் டேப்பை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி காலை, கடையில் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தவர் முக்காலியில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. நீதான் ஓடிவந்து என் ஆபீசில் சொன்னாய். நான் அழுதேன். அது பொய் அழுகை இல்லை, வாசு. இதையாவது நம்பு.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதுவதற்கு அவர்களுடைய சுங்கை பினாங் வீட்டுக்குப் போயிருந்தோம். சாப்பாடு முடிந்து எல்லோரும் எழுந்தபோது அவர் மனைவி ஹாஜரா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணே, அந்தப் படம் முடிவு என்னாச்சு? கடைசி வரைக்கும் அதையேதான் பேசிக்கிட்டிருந்தாரு. அவரு சொன்னது சரியாப் போச்சா?"

செத்துப்போனவர் ஜெயித்தால் எனக்கு என்ன நட்டம்? நாற்காலியில் உட்கார அவர் வரப்போவதில்லை. ஆமாம் என்று சொல்வது அவ்வளவு சுலபம். ஆனால் ஆமாம் என்றால் டேப் எப்போது வந்தது என்ற அடுத்த கேள்வி வரும். "இல்லம்மா, கப்பல் பூமிக்குத் திரும்பிடுது. தங்கச்சி கடிதத்துல எழுதியிருக்கா, டேப்பு தபால்ல தொலைஞ்சு போச்சு," என்றேன். அதையே அடுத்த சனிக்கிழமை உங்களுக்கும் சொன்னேன். நீ, "இவ்வளவுதானாண்ணே? சப்புன்னு இருக்கே," என்றாய். அந்த நிலைமையிலும் எனக்கு உன்மேல் வருத்தம் வந்தது. அதோடு யாரும் மாடிக்கு வரவில்லை. நாலு வருடம் காத்திருந்து இப்படி முடிந்ததே என்று எல்லோருக்கும் மனசு விட்டுப் போயிருந்தது.

இப்போது வீட்டுக்கு வீடு டிஷ் வந்துவிட்டது. 'கேரவல்' மறுபடி ஓடுகிறது என்று நீ எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னாய். ஹாஜராவுக்கும் சொல்லியிருக்கிறாய். கடைசிப் பாகம் என்றதும் நீ தனியாகப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை என்றாய். இத்தனை வருடம் கழித்தும் உன்னை அப்படி உட்கார வைத்த முடிவைத்தான் நான் டின்னில் போட்டு மூடியிருந்தேன். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். மீரானிடம் கேட்க வழியில்லை.

ஹாஜராவிடம் கேட்டிருக்கலாம். கடைசிப் பாகம் ஓடிய அந்தச் சனிக்கிழமை நான் அவள் வீட்டில்தான் இருந்தேன். மகள் ரோஹானா பாயான் பாரு தொழிற்சாலைக்கு ஷிப்டு வேலைக்குப் போயிருந்தாள். "எனக்கு இங்கிலீசு புரியாதுண்ணே, நீங்க வந்து உக்காந்து சொல்லுங்க. அவரு ஆசப்பட்டது, நானாச்சும் பாக்குறேன்," என்று அவளே கூப்பிட்டாள். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் பஸ் ஏறினேன். அந்த டாக்டர் கடிதத்தை அவள் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாள், பிளாஸ்டிக் உறையில் போட்டு, அவர் படத்துக்குப் பின்னால்.

கடைசிக் காட்சி வந்தது. கேப்டன் மைக்கில் பேசினார்.

"யார்கிட்டண்ணே பேசுறாரு?" என்று கேட்டாள்.

"பூமியோட பேசுறாரும்மா. வந்துக்கிட்டிருக்கோம்னு சொல்றாரு."

ஹாஜரா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம், அவருதான் தப்பா நெனச்சிட்டாரு," என்றாள். ஆமாம் என்றேன்.