பாஸ்கோவின் தேயிலையும் டிகோரியின் பொறாமையும்

அவைத் தலைமை ஏற்று வீற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய போதகர் கார்வெத் ஐயா அவர்களே, காற்றோடு மல்லுக்கட்டிக் கரை சேர்ந்த எங்கள் ஊர்ப் பெரியவர்களே, வலை பின்னும் விரல்களாலேயே குடும்பத்தையும் கட்டிக் காக்கும் தாய்மார்களே, மீன் பீப்பாய்களின் மேல் ஏறி நிற்கும் இளைஞர்களே, விருந்தின் மணம் பிடித்து மலை தாண்டி வந்திருக்கும் போல்மேர் ஊர் நண்பர்களே, உங்கள் அனைவருக்கும் போர்த்தென்னா ஊர்க் கொல்லன் பெத்ரோக்கின் பணிவான வணக்கம்.

சம்மட்டி பிடிக்கும் கையை மேடையில் ஏற்றி, 'தேயிலை பற்றிப் பேசு' என்று பணித்துவிட்டார் போதகர் ஐயா. பேசுகிறேன். இந்தக் கரையிலே முதல் தேநீர் தங்கள் ஊரில்தான் கொதித்தது என்று போல்மேர்க்காரர்கள் சொல்லித் திரிகிறார்கள். கொதித்தது தேநீரா, நம்மைப் பார்த்து உங்கள் வயிறா? சிரிக்காதீர்கள். வயிறு கொதிக்கும் கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

தேயிலை பிறந்தது எங்கே? சீனத்து மலையிலே. வளர்ந்தது எங்கே? ஒல்லாந்தர் கப்பலிலே. ஒளிந்தது எங்கே? லண்டன் சீமாட்டிகளின் பூட்டுப் போட்ட பெட்டியிலே. சீமாட்டி போட்டது ஒரு பூட்டு. அரசாங்கம் போட்டது அதைவிடப் பெரிய பூட்டு. தேயிலையின் விலையை அதன் வரி விழுங்கி நின்றது. குதிரையைவிடச் சேணம் கனத்தால் குதிரை என்ன செய்யும்? வேலி தாண்டும். தாண்டியது. வரியில்லாத கெர்ன்சித் தீவிலிருந்து, நம் ஊர்க் கடத்தல்காரன் பாஸ்கோ ரோஸ்வார்னின் படகிலே, மூடுபனியோடு மூடுபனியாக நம் கரையேறியது. போதகர் ஐயா ஏன் கூரையைப் பார்க்கிறார்? ஐயா வீட்டுக் கெண்டியில் என்ன கொதித்தது என்று நான் சொல்லவே மாட்டேன்.

இந்தக் கதைக்கு உரியவர்கள் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். பீப்பாய் செய்யும் டிகோரி டிரெவாஸ்கிஸ். அவர் மனைவி வில்மெட். அனுமதி கேட்டேன். "சொல்லு, ஆனா எதையும் மழுப்பாதே" என்றார் வில்மெட். டிகோரி தரையைப் பார்த்தார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

டிகோரி கட்டிய பீப்பாயில் ஒரு சொட்டு ஒழுகாது. அவர் வாயிலிருந்தும் ஒரு சொல் ஒழுகாது. காலையில் இழைப்புளி, மாலையில் பீர், இடையில் மௌனம். வில்மெட்டோ பேச்சில் பிறந்து பேச்சில் வளர்ந்தவர். அந்த நாளிலே நம் பெண்கள் பாவாடைக்குள் பஞ்சுப் பை தைத்து, அதற்குள் தேயிலையை அடைத்துக்கொண்டு சந்தைக்கு நடப்பார்கள். போகும்போது ரெட்டை நாடி, வரும்போது ஒற்றை நாடி. வில்மெட்டும் போனார். டிகோரிக்கு அது தெரியும். அதற்காக அவர் வருந்தவில்லை. சட்டம் அவருக்குச் சொந்தக்காரனா என்ன?

அவரைச் சுட்டது வேறு. ஒரு நாள் பீப்பாய் கொடுக்கப் பாஸ்கோவின் வீட்டுக்குப் போனவர், முற்றத்தில் ஒரு காட்சியைக் கண்டார். கழுத்தில் பட்டுத் துணி கட்டிய பாஸ்கோ பீங்கான் கிண்ணத்தில் தேநீர் ஊற்றுகிறான். வில்மெட் வாங்கிக் குடிக்கிறார். ஏதோ சொல்கிறார், சிரிக்கிறார். தன் வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று டிகோரி எண்ணிப் பார்த்தார். எண்ணிப் பார்க்கவும் முடியவில்லை. பீப்பாயை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

அன்று மாலை அவர் வீட்டில் நடந்த பேச்சு, சுவர் பங்காளியான எனக்கே கேட்டது.

"எங்க போயிருந்த?"

"பாஸ்கோ அக்காவுக்குத் துணி தோய்க்க."

"துணி தோய்ச்சா சால்வையில டீ வாசம் எப்படி வருது?"

"நீ பீர் குடிச்சிட்டு வந்தா மட்டும் சர்ச்சு வாசமா வருது?"

சொல் இல்லாதவன் நெஞ்சில் என்ன இருக்கும்? புகை இருக்கும். மதுக்கடையிலே ஒருவன் அந்தப் புகையை ஊதிவிட்டான்: "டிகோரி, உன் பொண்டாட்டி சந்தைக்குப் போறப்ப குண்டா இருக்கா, வர்றப்ப மெலிஞ்சு வர்றா. பாரத்தையெல்லாம் இறக்கி வச்சிட்டா. நீதான்யா சுமக்கிற." கடையே சிரித்தது. டிகோரி மட்டும் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார்.

பொறாமை என்ன செய்யும்? படுத்தால் பக்கத்தில் படுக்கும். உண்டால் தொண்டையில் நிற்கும். உளியைப் பிடித்தால் உளியின் முனையில் ஊரான் முகத்தைக் காட்டும். வெளியூரிலிருந்து வந்திருந்த சுங்க அதிகாரி கிரிம்ஷாவின் கதவை டிகோரி தட்டினார். "சனிக்கிழமை பாஸ்கோ சரக்கு பாலத்து வழியா சந்தைக்குப் போகுது," என்றார். அந்தச் சனிக்கிழமை வில்மெட் தன் தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொல்லியிருந்தார். அந்தத் தைரியம்.

சனிக்கிழமை காலை வந்தது. குதிரை வீரர்கள் பாலத்தை அடைத்தார்கள். அவர்கள் குதிரை ஒன்றுக்கு லாடம் கழன்றுவிட, என்னை இழுத்துக்கொண்டு போனார்கள். ஆகவே பாலத்தில் நடந்ததாக நான் சொல்வது கேள்விப்பட்டதல்ல, கண்டது.

அதே வேளை ஊரிலே டிகோரி, பக்கத்து வீட்டுப் பெண் காய்ச்சலில் படுத்திருப்பதைப் பார்க்கிறார். "நீ சந்தைக்குப் போகலையா?" என்கிறார். "எனக்கு முடியலண்ணே. என் பையையும் வில்மெட்டே கட்டிக்கிட்டுப் போயிருக்கா. தங்கச்சியைப் பார்க்க நாளைக்குப் போறாளாம்." அவ்வளவுதான். கைவேலையைப் போட்டது போட்டபடி ஓடினார் டிகோரி. பிடிபட்டால் சிறை. சிறையிலும் காய்ச்சல் உண்டு. அங்கே போன நம் ஊர்க்காரர்களில் எத்தனை பேர் திரும்பினார்கள் என்பதைத் தாய்மார்கள் அறிவார்கள்.

பாலத்தில் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். நடுவில் வில்மெட். முன்னால் மீன் வண்டியில் பாஸ்கோ, ஒன்றும் அறியாதவன்போல. சோதனைக்கென்று கிரிம்ஷா கையுறையைக் கழற்றுகிறார். அந்த வேளையில் வந்தார் டிகோரி. வண்டியிலிருந்து பாஸ்கோவைப் பிடித்து இழுத்துச் சேற்றில் தள்ளினார். ஓர் அடி. உதடு கிழிந்தது.

"என்னண்ணே, என்ன ஆச்சு உனக்கு?" என்கிறான் பாஸ்கோ.

"என் பொண்டாட்டிகூட உக்காந்து சிரிக்கிறியேடா. என்னடா சொல்லிச் சிரிக்க வைக்கிற?"

வீரர்கள் வளையம் கட்டிவிட்டார்கள். சண்டை என்றால் சிப்பாய்க்குச் சர்க்கரை. டிகோரி அடித்தது நடிப்பா? பெண்களைக் காக்கத்தான் தொடங்கினார். ஆனால் அருகில் நின்ற நான் சொல்கிறேன், அந்தக் கையில் நடிப்பு இல்லை. அந்தக் குரலிலும் இல்லை. சந்தைக்குப் போகும் சனம் முழுக்கப் பார்க்க, வாய் திறக்காத அந்த மனிதர் சேற்றில் மண்டியிட்டுச் சொன்னார்: "அவளுக்கு என்னைப் பிடிக்கல. என்கூட அவ சிரிக்கிறதே இல்ல. இவன் ஒரு கிண்ணம் டீ ஊத்துறான், இவன்கிட்ட சிரிக்கிறா. எனக்கு நெஞ்சு எரியுது."

கிரிம்ஷாவின் முகம் சிவந்தது. "யோவ், இதுக்காகத்தான் பொய் சொல்லி என் கதவைத் தட்டினியா? உன் வீட்டுச் சண்டைக்கு ராஜாவோட குதிரைப்படை கேக்குதா?" என்றார். காறித் துப்பினார். படையைத் திருப்பினார். வரிசையில் ஒரு பெண்ணையும் அவர் தொடவில்லை.

பெண்கள் பிழைத்தார்கள். டிகோரி? காட்டிக் கொடுத்தவன் யார் என்று அதிகாரியே ஊரறியச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். வண்டியோடு வந்த பாஸ்கோவின் ஆட்கள் அவரை அடிக்கத் துடுப்பைத் தூக்கினார்கள். வில்மெட் அவர்களுக்கு முன்னே வந்து நின்றார்.

"அவன்கூட உக்காந்தது நெசம். டீ குடிச்சது நெசம். நான் பேசினேன், அவன் கேட்டான். அதுக்கு மேல ஒண்ணுமில்ல. நீ என்னைக்காவது கேட்டிருக்கியா?" இது கணவரிடம். பிறகு துடுப்புகளைப் பார்த்து, "இவர என்ன செய்யணும்னு நான் பாத்துக்கறேன். வழிய விடுங்க" என்றார். உதட்டைத் துடைத்துக்கொண்டு பாஸ்கோதான் முதலில் வழிவிட்டான்.

அந்தக் குளிர்காலம் முழுக்க டிகோரியிடம் ஒருவரும் பீப்பாய் வாங்கவில்லை. நான் வாங்கினேனா என்று கேட்கிறீர்கள், நானும் வாங்கவில்லை. வில்மெட் அவரை விட்டுப் போகவில்லை. சோறு போட்டார், பேச்சைப் போடவில்லை. சாயங்காலம் தனக்கு மட்டும் தேநீர் ஊற்றி, தனியே குடித்தார்.

பிறகு என்ன நடந்தது? லண்டனில் வரியைக் குறைத்தார்கள். கடத்தல் செத்தது. குதிரைப்படை கொல்லாத கடத்தலை, கப்பற்படை கொல்லாத கடத்தலை, தூக்குமரம் கொல்லாத கடத்தலை, எது கொன்றது? திறந்த கதவு கொன்றது. பூட்டிப் பூட்டிக் காத்தபோது களவு போனதெல்லாம், திறந்து வைத்தபோது தானே கடைவாசலில் வந்து அமர்ந்தது. அரசாங்கத்துக்கே இது புரிய இத்தனை காலம் என்றால், பாவம், ஒரு பீப்பாய்க்காரருக்கு?

அவருக்கும் புரிந்தது. ஒரு மாலை வில்மெட்டின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"எனக்கும் கொஞ்சம் ஊத்து."

"உனக்குக் கசக்கும்."

"கசக்கட்டும். நீ ஏதாவது பேசு. நான் கேக்கறேன்."

வில்மெட் பேசினார். விளக்கேற்றும் வரை பேசினார். கசப்பில் முகம் கோணிக்கோணி டிகோரி கேட்டார். அவர் கோணியதைப் பார்த்துத்தான் முதலில் சிரித்தாராம் வில்மெட். அதுவும் சுவர் வழியே எனக்குக் கேட்டது.

பொறாமை அடியோடு செத்துவிட்டதா, பெரியோர்களே? போதகர் ஐயா அப்படிச் சொல்லச் சொன்னார். என்னால் பொய் சொல்ல முடியாது. இப்போது மீன் பிடித்துப் பிழைக்கும் பாஸ்கோ, சற்றுமுன் உள்ளே வந்து மூன்றாம் வரிசையில் வில்மெட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தான். எல்லோரும் மேடையைப் பார்த்தீர்கள். நான் அங்கே பார்த்தேன். டிகோரி மெல்ல எழுந்தார். நாற்காலியைத் தூக்கினார். இருவருக்கும் நடுவே போட்டு உட்கார்ந்துவிட்டார். வில்மெட் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், கண் துடைத்த தாய்மார்க்கும், கேட்டும் ஒப்புக்கொள்ளாத போல்மேர் நண்பர்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. கெண்டி கொதித்துவிட்டது, வாருங்கள் குடிக்கலாம். வணக்கம்.