உப்பு இறங்கிய தண்ணீர்

தம்பி: உப்பு மூட்டையை அப்படியே கொட்டிடறேன்க்கா. நகரு.

அக்கா: கொட்டினே, கையை உடைச்சிடுவேன். கீழ வை.

தம்பி: பாதி நண்டு அசையவே இல்ல! தொட்டியில உப்பு லிட்டருக்கு இருபத்தஞ்சு கிராமிலேர்ந்து எட்டுக்கு வந்தாச்சு...

அக்கா: வரவெச்சது யாரு? மழை விட்ட கையோட ஆத்துத் தண்ணியை மோட்டார் போட்டு ஏத்தினியே, உப்பை அளந்து பார்த்தியா?

தம்பி: ...அப்பாதானே எப்பவும் அளப்பார்.

அக்கா: அவர் போய் மூணு வாரமாச்சு. இனிமே நாமதான்.

தம்பி: சரி, திட்டாதே. இதுங்க பிழைக்குமா?

அக்கா: ஓடு கெட்டியா இருக்கறது பிழைக்கும். இப்பத்தான் ஓடு கழட்டினது கஷ்டம். உப்பு கொறைஞ்சா தண்ணி தானா உடம்புக்குள்ள ஏறிடும்டா. அத்தனையையும் மூத்திரமா வெளிய தள்ளணும். அதுவும் கண்ணுக்குக் கீழேர்ந்து.

தம்பி: கண்ணுக்குக் கீழயா? கதை விடாதே.

அக்கா: மீசைக்குப் பக்கத்துல பாரு, ஓட்டை இருக்கும். ஆனா தண்ணியோட உடம்பு உப்பும் சேர்ந்து போயிடும். போனதைச் செவுள் திரும்பப் பிடிச்சுத் தரணும். தின்னதெல்லாம் அந்த வேலைக்கே செலவாயிடும்.

தம்பி: அதான் சொல்றேன், மொத்தமா கொட்டினா சீக்கிரம் பிடிச்சுக்கும்...

அக்கா: அடி வாங்கின உடம்புடா! சட்டுனு ஏத்தினா, உள்ள இருக்கற தண்ணி வெளிய ஓடிடும். அது இன்னொரு அடி. உப்பைக் கரைச்சு, குழாய்ல சொட்டு சொட்டா விடு. சாயங்காலம் ஆனாலும் ஆகட்டும்.

தம்பி: ...ஆஸ்பத்திரியில அப்பாவைப் பார்த்த டாக்டரம்மாவும் இதையேதான் சொன்னாங்க.

அக்கா: குழாயைப் பிடி.

தம்பி: "ரத்தத்துல உப்பு ரொம்ப இறங்கிடுச்சு, மெதுவாத்தான் ஏத்தணும். தண்ணி மட்டும் ஒரு நாளுக்கு ஒரு லிட்டரைத் தாண்டக் கூடாது, தாண்டினா மூளை வீங்கிடும்"னு...

அக்கா: தெரியும். நானும் பக்கத்துலதானே நின்னேன்.

தம்பி: தேறிட்டுத்தானே இருந்தார்? மூணாம் நாள் என்னைப் பார்த்து "வாடா தடியா"ன்னாரே. அப்புறம் எப்படி... திடீர்னு வலிப்பு...

அக்கா: விதி. வேற என்னத்தைச் சொல்ல.

தம்பி: விதி இல்லக்கா.

அக்கா: வேலையைப் பாருடா.

தம்பி: இல்ல, சொல்லிடறேன். மூணு வாரமா தொண்டையிலயே நிக்குது. வலிப்பு வந்த அன்னிக்கு மத்தியானம் நீ சாப்பிடப் போனே. நாக்கு ஒட்டுதுடா, ஒரு வாய் குடுன்னு கையைப் பிடிச்சுக்கிட்டார். தாங்க முடியல... ரெண்டு டம்ளர் குடுத்தேன். தண்ணி கணக்கு எழுதற சீட்டுல எழுதல.

அக்கா: குழாய் நழுவுது பாரு, பிடி.

தம்பி: நான்தான்க்கா அப்பாவைக் கொன்னுட்டேன். திட்டு... அடி... ஏதாவது பேசு.

அக்கா: ரெண்டு டம்ளர்தானா?

தம்பி: சத்தியமா ரெண்டுதான். ஏன்?

அக்கா: அன்னிக்குக் காலையில என் கையையும் அப்படித்தான்டா பிடிச்சுக்கிட்டார். ஒரு பாட்டில் முழுசாக் குடுத்தேன்... நானும் எழுதல.