ஓலியாசிட்டி கட்டம்

திருவொற்றியூர் பஸ்ஸுக்காக ராயபுரத்தில் நின்ற வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பேர். ஒருவர் காகிதத்தில் மடித்த மசால்வடையைத் தின்றுகொண்டிருந்தார். மற்றவரின் காக்கிச் சட்டையில் கடலைப் புண்ணாக்கு வாசனை.

"நான் டெய்லி எழுதிக்கினு இருந்த வார்த்தை செத்துப் பூட்ச்சாம், மாமு," என்றார் காக்கிச் சட்டைக்காரர்.

"இன்னா வார்த்தை?" என்றார் வடைக்காரர்.

"ஓலியாசிட்டி. எண்ணெப் பசைக்கு இங்கிலீசு. புண்ணாக்கக் காயிதத்துல வச்சு அமுக்கி, எண்ணெ எவ்ளோ ஊறுதுன்னு பாத்து எழுதணும். ஃபாரத்துல அதுக்குன்னே வெள்ளக்காரன் காலத்துக் கட்டம் ஒண்ணு கீது. புது மானேஜரு தடி டிக்சனரியப் பாத்துட்டு, வெள்ளக்காரனே இத எப்பவோ வுட்டுட்டான், கட்டத்த எடுங்கன்ட்டாரு."

"அப்ப உன் வேலை?"

"மில்லு கேட்டாண்ட குந்த வச்சுட்டாரு. கட்டம் இல்லாமலே ஒரு கப்பல் சரக்கு போச்சு. இன்னிக்கு சீமைலேர்ந்து லெட்டரு வந்துகீது."

"இன்னான்னு?"

"ஓலியாசிட்டி எங்கேன்னு."

பஸ் வந்தது. வடைக்காரர் காகிதத்தைக் கசக்கப் போனார். மற்றவர் அதை வாங்கிப் பிரித்து, வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"ஜாஸ்தி," என்று சொல்லிவிட்டு ஏறினார்.