வெறும் தட்டில் அறுபது கிலோ

இது இரவில் நடந்ததல்ல. மத்தியானம் பன்னிரண்டரை. நெளுக்குளம் தாண்டி வயல்களுக்குள் போகிற கிரவல் வீதி... ஒரு நிழல் இல்லை, ஒரு சைக்கிள் இல்லை. அதன் முடிவில் ஒரு நெல் ஆலை.

நம்முடைய சிநேகிதி கமலாசனியின் அக்கா ராஜினிக்கு அங்கேதான் நெல் நிறுக்கிற வேலை. நெல் ஏற்றிய இழுவைப் பெட்டியோடு உழவு மெசின்கள், அதாவது டிராக்டர்கள், ஏறி நிற்க வெளியே பெரிய இரும்புத் தராசுத் தட்டு. நிறை அவளுடைய அறைக் கணினியில் விழும். நெல்லோடு ஒருமுறை, இறக்கியபின் வெறுமையாக ஒருமுறை; வித்தியாசம்தான் நெல்லின் நிறை. அந்தக் கணினி மாரியில் பழுதாகிவிட்டது. தராசின் மென்பொருள் பதினைந்து வருடப் பழசு. புதிய கணினியில் ஓடவில்லை. திருத்த வந்த தர்ஷன், பழைய கணினிக்குள் இருந்த எல்லாவற்றையும் அப்படியே எடுத்து, புதியதன் திரையில் ஒரு சின்னச் சதுரத்துக்குள் ஓடவைத்தான்.

"பழசு இப்ப உள்ளுக்குள்ள உயிரோட இருக்கு, அக்கா. தன்னைச் சுத்திப் புதுசு இருக்கெண்டு அதுக்குத் தெரியாது."

அன்றிலிருந்து, விவசாயிகள் வீட்டில் நிறுத்துக் கொண்டுவந்ததைவிடத் தராசில் நெல் குறைந்தது. பெட்டிக்கு அறுபது கிலோ.

"ஒரு மூடையை எங்க பிள்ளை ஒளிக்கிறீர்? கைப்பைக்குள்ளயோ?" என்றார் ஒரு விவசாயி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

முதலாளி ஜனார்த்தனன் சிரிக்கவில்லை. "மெசினில பிழையில்லை. உம்மிலதான் பிழை. பின்னேரமும் குறைஞ்சா நாளைக்கு வரவேண்டாம்."

அவளுடைய சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

எல்லோரும் சாப்பிடப் போனார்கள். அவள் மட்டும்... அவித்த நெல்லின் புளித்த மணம். வெளியே தட்டில் 'டங்'.

எட்டிப் பார்த்தாள். வெறும் தட்டு. வெயில்.

சதுரத்துக்குள் எண்: 60.

அப்போதுதான் விளங்கியது. நெல்லை இறக்கிவிட்டு வெறும் மெசினை நிறுக்கும்போது, கூட ஒருவர் ஏறி நிற்கிறார்.

பயத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. தராசைப் பூச்சியமாக்கும் பொத்தானை அழுத்தினாள். அறுபது போய்ப் பூச்சியம் வந்தது. மூச்சு விட்டாள்.

மறுபடி... 'டங்'.

எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி. கழித்தல் அறுபது.

இறங்கிவிட்டது.

கிரவலில் சரக்... சரக்... அறைப் பக்கமாக.

பின்கதவால் ஓடி ஸ்கூட்டியை எடுத்தாள். முழுதாக முறுக்கியும் அது இழுக்கவில்லை. ஆள் நடக்கிற வேகம். வீடு வந்து சேர ஒரு மணித்தியாலம். திரும்பிப் பார்க்கவேயில்லை.

வீட்டு வாசல் படலையடியில் ஃபோன் அடித்தது. முதலாளி.

"எங்க ஓடினீர்? இப்ப ஒரு பெட்டி நிறுத்துப் பாத்தனான். ஒரு கிலோவும் குறையேல்லை."

அவள் மெதுவாக ஸ்கூட்டியைவிட்டு இறங்கினாள்.

பின் சில்லு... இன்னும் ஒருவர் இருப்பதுபோல அப்படியே அமுங்கி இருந்தது.