மூன்று ‘இல்லாட்டி’

“என்ர புரோகிராம், வேலையை விட்டுப் போறவரைத் தவிர மற்ற எல்லாருக்கும் பிரியாவிடைக் கடிதம் அனுப்பிப் போட்டுது.”

சிட்னி மாலை ரயிலில் இதைக் கேட்டதும் என் செய்தித்தாள் மடிக்கு இறங்கியது. எதிரே இரண்டு பேர். சொன்னவரின் மடியில் புரோகிராமைத் துளைகளாகப் பதித்த கம்ப்யூட்டர் அட்டைகள் நிறைந்த பெட்டி.

“மெஷின் பிழையோ?” என்றார் நண்பர்.

“இல்லையப்பா, நான் எழுதின நிபந்தனைதான். ஒரே வரியில மூண்டு ‘இல்லாட்டி’. இப்ப எனக்கே விளங்கேல்லை. நாளைக்கு மனேச்சருக்கு விளக்க வேணும்.”

“ஆர் போறாரோ அவருக்குக் கடிதம். அவ்வளவுதான். மனுசர் கதைக்கிற மாதிரி நேரா எழுதும்.”

பெட்டிக்காரர் தலையாட்டினார். “அது சரி, சனிக்கிழமை வீட்டை சாப்பிட வாறீரோ?”

“என்ர மனிசிக்கு வேலை இல்லாமல் இல்லாட்டி, பிள்ளைக்குக் காய்ச்சலும் விடாமல் இருந்தால் ஒழிய, வராமல் இருக்கமாட்டன் எண்டு சொல்லேலாது” என்றபடி நண்பர் ஸ்ட்ராத்ஃபீல்டில் இறங்கினார்.

பெட்டிக்காரர் ஒரு வெற்று அட்டையில் அதை எழுதி, ஒவ்வொரு ‘இல்லை’யாக வெட்டத் தொடங்கினார். நானும் எட்டிப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தேன். ரயில் நகர்ந்தது.

“ஐயோ, என்ர ஸ்டேஷன்!” என்று எழுந்தார்.

என்னுடையதும் அதுதான்.